அவதாரமா, ஒற்றனா?

"படம் பார்க்கப் போகிறாயா? மூளையை வீட்டிலே வைத்துவிட்டுப் போ!"

நான் பணிபுரியும் பள்ளியிலே, ஆசிரியர் அறையிலே, மூத்தவர் ஒருவர் எனக்கு வழங்கிய அறிவுரை இது. ஒற்றர் படமொன்று காணச் செல்கிறேன் என்றேன், சிரித்தார், இதைச் சொன்னார். கெட்ட எண்ணம் ஏதுமின்றி, கேலியாகத்தான் சொன்னார்.

அதே வாரம், வகுப்பிலே சிறுவன் ஒருவன் எழுந்து நின்று கேட்டான்: "ஐயா! அந்தப் படத்திலே கதாநாயகன் சாகவே மாட்டான் என்று எல்லோருக்கும் தெரியுமே! பிறகு எதற்காக ஐயா நாம் பயப்படவேண்டும்?"

மூத்தவர், மூளையை விட்டுவிட்டுப் போகச் சொன்னார். சிறுவனோ, மூளையோடு சென்று, மூளையோடு திரும்பியிருக்கிறான்! முன்னவருடைய அறிவுரையைக் காட்டிலும் பின்னவனுடைய கேள்வி பெரிது. அந்தக் கேள்விக்கு விடை தேடவே இக்கட்டுரை.

ஒற்றர் படங்களைப்பற்றி நம்மிடையே இரண்டு பேச்சுகள் உலவுகின்றன. ஒன்று, "வெட்டு, குத்து, வேட்டுச் சத்தம்; வாலிபரைக் கெடுக்கும் வீண்வேலை; அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதே" என்பது. மற்றொன்று, "களைத்துப்போன மனத்துக்கு அது ஒரு களிப்பு; அங்கே போய் ஏன், எதற்கு, எப்படி என்று கேட்டுக்கொண்டிராதே" என்பது. முதற்பேச்சைப் பேசுவோர் திரையை வெறுக்கிறார்கள். இரண்டாம் பேச்சைப் பேசுவோர் திரையின் முன் அமர்ந்திருக்கும் மக்களை மட்டமாக மதிக்கிறார்கள். இரு சாராரும் ஓர் இடத்திலே கைகோத்துக்கொள்கிறார்கள்: விறுவிறுப்பு வேறு, அறிவு வேறு என்று இருவரும் நம்புகிறார்கள்!

நான் மறுக்கிறேன். விறுவிறுப்பு, அறிவு ஈன்ற குழந்தை. அறிவை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திக்கொண்ட கொட்டகையிலே எஞ்சுவது இரைச்சல் ஒன்றுதான்.

ஆல்பிரட் ஹிட்ச்காக் என்ற இயக்குநர், திகில் படங்களின் தலைமகன் என்று உலகம் போற்றிய கலைஞர், இதை ஓர் எளிய எடுத்துக்காட்டாலே விளக்கினார். இருவர் ஒரு மேசையருகே அமர்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென மேசைக்கடியில் இருந்த வெடிகுண்டு வெடிக்கிறது. பார்ப்போர் திடுக்கிடுகிறார்கள், சில நொடிகளிலே அது தீர்ந்துவிடுகிறது. இப்போது அதே காட்சியை மாற்றிப் பாருங்கள். குண்டு வைக்கப்பட்டதை நாம் முன்னமே கண்டுவிட்டோம். எத்தனை மணிக்கு வெடிக்கும் என்பதும் தெரியும். சுவரிலே கடிகாரம் ஓடுகிறது. மேசையருகே இருப்பவர்களோ, ஏதும் அறியாமல் அதே ஊர்க்கதையைப் பேசுகிறார்கள். இப்போது நம் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்கிறது! "பேச்சை நிறுத்துங்கள், ஓடுங்கள்" என்று கத்தத் தோன்றுகிறதல்லவா?

இரண்டு காட்சிக்கும் உள்ள வேற்றுமை என்ன? குண்டு ஒன்றே, மேசை ஒன்றே, பேச்சும் ஒன்றே. முன்னதிலே நமக்கு ஒன்றும் தெரியாது. பின்னதிலே நமக்குத் தெரியும். அறியாமை தருவது நொடிநேரத் திடுக்கிடல். அறிவு தருவது நீடித்து நிற்கும் துடிப்பு. மூளையை வீட்டிலே வைத்துவிட்டு வந்தவனுக்கு முதற்காட்சி மட்டுமே கிட்டும். இரண்டாவதைச் சுவைக்க மூளை தேவை.

ஐயம் உடையோர் 1996இல் வெளிவந்த 'மிஷன் இம்பாசிபிள்' படத்தை எண்ணிப் பாருங்கள். பிரையன் டி பால்மா இயக்கியது. டாம் குரூஸ் நடித்தது. அமெரிக்க உளவுத்துறையின் தலைமையகத்திலே, பூட்டிய அறை ஒன்று. அதிலே உள்ள கணிப்பொறியிலிருந்து ஒற்றர் பெயர்ப்பட்டியலைக் கவரவேண்டும். அந்த அறையின் சட்டதிட்டங்கள் நமக்கு முன்கூட்டியே, பாடம் நடத்துவதுபோல், ஒவ்வொன்றாகச் சொல்லப்படுகின்றன: உரக்க ஒலி எழுந்தால் மணி அடிக்கும், அறையின் வெப்பம் சற்று ஏறினாலும் மணி அடிக்கும், தரையிலே ஏதேனும் பட்டால் மணி அடிக்கும். ஆகவே அவன் கூரையிலிருந்து கயிற்றிலே தொங்கவேண்டும். மேலே, காற்றுக்குழாயிலே, கயிற்றைப் பிடித்திருப்பவன் அருகே ஓர் எலி வருகிறது. கீழே தொங்குபவனின் மூக்குக்கண்ணாடியிலே ஒரு வியர்வைத் துளி திரள்கிறது, வழிகிறது, விழப்போகிறது...

ஒரு வியர்வைத் துளி! துப்பாக்கி இல்லை, பீரங்கி இல்லை, பறக்கும் கார் இல்லை. இசைகூட இல்லாத அமைதி. அந்த ஒரு துளிக்காக உலகெங்கும் மக்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தார்கள். ஏன்? துளி தரையிலே பட்டால் என்ன நேரும் என்பதை அவர்கள் *அறிந்திருந்தார்கள்*. காரணம் இன்னது, விளைவு இன்னது என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. பகுத்தறிவு தூங்கியிருந்தால் அந்தத் துளி வெறும் தண்ணீர். பகுத்தறிவு விழித்திருந்ததாலேயே அது வெடிகுண்டு!

இனி, மற்றொரு வகையைப் பாருங்கள்.

ஜேம்ஸ் பாண்டு படங்களிலே 1963இல் வந்த 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' இரண்டாவது. அதிலே பாண்டுக்கு ஒரு கைப்பெட்டி கொடுக்கப்படுகிறது. அதனுள் ஒளித்துவைத்த கத்தி, தங்க நாணயங்கள். முறைதவறித் திறந்தால் கண்ணீர்ப்புகை பீறிடும் ஓர் அமைப்பு. இவை யாவும் முன்னதாகவே நமக்குக் காட்டப்படுகின்றன. பிறகு, ஓடும் ரயிலிலே, குறுகிய அறையிலே, கொலைகாரனின் துப்பாக்கி முனையிலே பாண்டு முழங்காலிட்டிருக்கிறான். தங்க நாணயம் இருக்கிறது என்று ஆசை காட்டுகிறான். கொலைகாரன் பேராசையாலே, பெட்டியைத் தானே திறக்கிறான், முறை அறியாமல் திறக்கிறான், புகை பீறிடுகிறது. பாண்டைக் காத்தது பெட்டி மட்டுமல்ல. எதிரியின் பேராசையை அளந்த அறிவு. நாமும் அந்தக் கணக்கிலே பங்குகொண்டோம். ஆகையால்தான் அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அந்த ரயில் சண்டை பேசப்படுகிறது.

ஆனால் அதே பாண்டு வரிசை வளர்ந்து வளர்ந்து, 2002இல் 'டை அனதர் டே' என்ற படத்துக்கு வந்து சேர்ந்தபோது என்ன நடந்தது? கண்ணுக்குத் தெரியாமல் மறையும் கார் வந்தது! பனிமலை சரிந்து பேரலை எழ, அதன் மேலே பாராசூட்டைப் பிடித்துக்கொண்டு பாண்டு சறுக்கி விளையாடினான்! பெட்டிக்கு ஒரு முறை இருந்தது. அலைக்கு ஏது முறை? இன்னது செய்தால் இன்னது நேரும் என்ற கட்டு அறுந்தது. எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்றான பிறகு, எது நடந்தால் நமக்கென்ன?

இந்தக் கதையை நாம் எங்கோ கேட்டிருக்கிறோம் அல்லவா, தோழர்களே? நினைத்தவுடன் மறைவார், வேண்டியபோது ஆயுதம் வானிலிருந்து வரும், கடலைத் தாண்டுவார், மலையைத் தூக்குவார், அம்புகள் ஆயிரம் வந்தாலும் ஒன்றும் தைக்காது, ஏனெனில் அவர் அவதாரம்! வரம் என்று சொல்லாமல் விஞ்ஞானக் கருவி என்றார்கள். அஸ்திரம் என்று சொல்லாமல் ஏவுகணை என்றார்கள். உடை புதிது, உள்ளே நின்றது பழைய புராணம். கோட்டு அணிந்த அவதாரம்!

வகுப்பிலே எழுந்த சிறுவனின் கேள்விக்கு இதோ விடை: சாகாதவனுக்காகப் பயப்பட முடியாது, தம்பி! பயப்படுவதுபோல் பாவனை செய்யலாம், அவ்வளவுதான். கடவுளுக்கு வீரம் கிடையாது. இழப்பதற்கு ஏதும் இல்லாதவன் எதை எதிர்த்து நின்றால் என்ன? வீரம், இறக்கக்கூடியவனின் தனிச்சொத்து.

அந்தப் படம் பணம் குவித்தது உண்மை. ஆனாலும் அதை எடுத்த நிறுவனத்தாரே அந்த வழியைக் கைவிட்டார்கள். நான்கே ஆண்டுகள், 2006இல் 'கேசினோ ராயல்' வந்தது. டேனியல் கிரெய்க் நடித்த புதிய பாண்டு, சுவரிலே மோதினான், மூச்சு இரைத்தான், அடிபட்டான், இரத்தம் சிந்தினான். சூதாட்ட மேசையிலே நஞ்சு ஊட்டப்பட்டு, தள்ளாடித் தள்ளாடிக் காருக்கு வருகிறான். நின்றுபோகும் இதயத்தை இயக்கும் கருவி அங்கே இருக்கிறது. பித்தானை அழுத்துகிறான், வேலை செய்யவில்லை. ஒரு கம்பி இணைப்பு கழன்று கிடக்கிறது! அவன் நினைவிழந்து சாய்கிறான். ஓடிவந்த பெண் ஒருத்தி அந்தக் கம்பியை மாட்டுகிறாள், உயிர் மீள்கிறது.

கழன்று கிடந்த அந்த ஒரு கம்பி, மறைந்துபோகும் கார்கள் நூறுக்கு மேலானது. கருவி தவறும், மனிதன் தளர்வான், மற்றொரு மனிதரின் கை வந்து காக்கும். உலகம் அப்படித்தான் இயங்குகிறது என்பதை அறிந்தவர்கள் எடுத்த காட்சி அது. அதனாலேயே நெஞ்சு அடித்துக்கொண்டது.

ஒற்றன் என்பவன் யார்? வள்ளுவர் இதற்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கினார். ஐம்பத்தொன்பதாம் அதிகாரம், ஒற்றாடல். அதைப் படித்துப் பாருங்கள். அங்கே மந்திரம் இல்லை, வரம் இல்லை, தெய்வத்தின் துணை இல்லை. பிறர் ஐயுறாத தோற்றம் வேண்டும். கண்டவர் முறைத்தாலும் அஞ்சாத கண் வேண்டும். மனத்திலே உள்ளதை எந்நிலையிலும் வெளிவிடாத உறுதி வேண்டும் என்கிறார். ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக்கொண்டு சரிபார் என்கிறார். ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல்லும் ஒத்துவந்தால் நம்பு என்கிறார். "யார் சொன்னாலும் அப்படியே நம்பாதே, ஆராய்ந்து பார்" என்ற நமது கொள்கையை, அரசனுக்கே பாடமாக வைத்தார்! துறவியின் கோலத்திலும் ஒற்றன் திரிவான் என்றும் சொல்லி வைத்தார். காவியுடையைக் கண்டதும் கைகட்டி நிற்கும் நம்மவர் அந்தக் குறளையாவது மனப்பாடம் செய்யக்கூடாதா?

வள்ளுவர் வகுத்த ஒற்றனுக்குத் தோள்வலி முதன்மையன்று. கண்ணும் காதும் கட்டுப்பட்ட நாவுமே படைக்கலம். 2002இலேயே வந்த 'தி பார்ன் ஐடென்டிட்டி' படத்திலே அத்தகைய ஒருவனைக் கண்டேன். தன் பெயரே நினைவில்லாதவன், சூரிச் நகரிலே அமெரிக்கத் தூதரக அலுவலகத்திலே சிக்கிக்கொள்கிறான். காவலர் துரத்துகிறார்கள். அவன் செய்த வேலை என்ன? தீப்பிடித்தால் வெளியேறும் வழியைக் காட்ட எந்தக் கட்டடத்திலும் சுவரிலே ஒரு வரைபடம் மாட்டியிருப்பார்களே, அதைக் கிழித்தெடுத்துக்கொண்டு ஓடுகிறான்! நாம் நாள்தோறும் பார்த்தும் பாராமல் செல்லும் தாள். அவன் கையிலே அது ஆயுதம் ஆயிற்று. "அடடா, எனக்குத் தோன்றவில்லையே!" என்று பார்ப்பவன் வியக்கிறான். அந்த வியப்பிலே தாழ்வு இல்லை. தானும் நினைத்தால் இயலும் என்ற நிமிர்வு இருக்கிறது. அவதாரத்தைக் கண்டால் கைகூப்பத்தான் முடியும். ஒற்றனைக் கண்டால் கற்றுக்கொள்ள முடியும்.

விறுவிறுப்பு இருந்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது. யாருக்கு எதிராக நம் நெஞ்சைத் துடிக்கவைக்கிறார்கள் என்பதையும் பார்க்கவேண்டும்.

புராணக்காரன் போரை எழுதும்போது, முதலிலே ஓர் அசுரனைப் படைத்துக்கொண்டான். அவனுக்குக் கருநிறம் தந்தான், கோரைப்பல் தந்தான். அவன் என்ன குற்றம் செய்தான் என்று கேட்க யாருக்கும் தோன்றாதபடி, பிறப்பையே குற்றமாக்கினான். ஒற்றர் படங்களிலும் அந்தச் சூழ்ச்சி புகுந்தது. 1962இல் வந்த முதற் பாண்டு படமாகிய 'டாக்டர் நோ'விலே வில்லன் யார்? ஜெர்மானியத் தந்தைக்கும் சீனத் தாய்க்கும் பிறந்தவன். அந்த வேடத்தைத் தாங்கியவரோ சீனரல்லர். கனடாவிலே பிறந்த வெள்ளை நடிகர் ஜோசப் வைஸ்மன். ஒப்பனையாலே அவர் கண்ணைச் சீனக் கண்ணாக்கினார்கள். 1967இல் வந்த 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' படத்திலே, பாண்டுக்கே ஒப்பனை செய்து ஜப்பானியன் ஆக்கினார்கள். நாகரிகத்தில் முதிர்ந்த ஒரு பேரினம், பொய்முடியும் சாயமுமாகச் சுருங்கியது!

நம் நாட்டையும் விடவில்லை. 1983இல் வந்த 'ஆக்டோபசி'யின் பெரும்பகுதி இந்தியாவிலே நடக்கிறது. உதயப்பூரிலே படம் பிடித்தார்கள். எதைக் கண்டார்கள்? பாம்பாட்டி, ஆணிப்படுக்கை, வாளை விழுங்குபவன், தணல்மேல் நடப்பவன்; கூட்டத்திலே பணத்தை வீசினால் முண்டியடித்துப் பொறுக்கும் மக்கள். சென்னையிலே பிறந்து, உலக அரங்கிலே டென்னிசு ஆடி, புகழ்நாட்டிய விஜய் அமிர்தராஜ் அந்தப் படத்திலே நடித்தார். இந்திய ஒற்றர் வேடம். அவருக்குக் கொடுத்த வேலை, மகுடி ஊதும் பாம்பாட்டியாக அமர்ந்து பாண்டை வரவேற்பது. இடைவழியிலே கொலையுண்டு மறைவது! ஆட்டக்களத்திலே வெள்ளையரை வென்று காட்டியவரைத் திரைக்களத்திலே மகுடியோடு அமரவைத்தார்கள். அதைக் கண்டு நாமே கைதட்டினோம் என்றால், மூளையை வீட்டிலே வைத்துவிட்டுப் போனோம் என்றுதானே பொருள்?

"எதிரி என்று ஒருவன் இல்லாமல் ஒற்றர் கதை ஏது?" என்பீர்கள். எதிரி வேண்டும், ஆனால் அவன் மனிதனாக இருக்கவேண்டும். 1946இலேயே ஹிட்ச்காக் 'நொட்டோரியஸ்' என்ற படத்திலே அதைச் செய்துகாட்டினார். அதிலே எதிரி, பிரேசில் நாட்டிலே பதுங்கிய நாஜிக் கூட்டத்தான். கொடியவர்களோடு கூடியவன், அதிலே ஐயமில்லை. ஆனாலும் அவனுக்கும் காதல் உண்டு. அவனுக்கும் அச்சம் உண்டு. தான் மணந்த பெண் அமெரிக்க ஒற்று என்று அறிந்தபோது, அவன் அஞ்சுவது அமெரிக்காவுக்கு அல்ல; தன் கூட்டாளிகளுக்கு! தான் ஏமாந்ததை அவர்கள் அறிந்தால் தன்னைத் தீர்த்துவிடுவார்கள். ஆகவே காப்பியிலே சிறுகச் சிறுக நஞ்சு கலந்து, ஓசைப்படாமல் அவளைக் கொல்லத் துணிகிறான். இறுதிக் காட்சியிலே, நோயுற்ற அவளை அமெரிக்க ஒற்றன் அணைத்தபடி மாடிப்படியிலே இறங்குகிறான். கீழே கூட்டாளிகள் நிற்கிறார்கள். கணவன் வாய் திறந்தால் ஒற்றன் சாவான். உண்மை வெளிப்பட்டால் கணவனும் சாவான். இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு, படி படியாக இறங்குகிறார்கள். ஒரு மாடிப்படி! பேரலையும் பனிமலையும் தராத நடுக்கத்தை, அந்தப் படிக்கட்டு தந்தது. எதிரியின் மனத்தையும் நாம் அறிந்திருந்தோம். அதனால் அந்த நடுக்கம் இரட்டிப்பாயிற்று.

அந்தப் படத்திலே இன்னொன்றையும் காணவேண்டும். உயிரைப் பணயம் வைத்துப் பகைவன் வீட்டிலே நுழைந்தவள் ஒரு பெண். இங்கிரிட் பெர்க்மன் ஏற்ற வேடம். விருந்து நடக்கும் மாளிகையின் மேல்தளத்திலிருந்து இறங்கி வரும் காமிரா, அவள் உள்ளங்கையிலே ஒளித்திருக்கும் சிறு சாவியிலே வந்து நிற்கிறது. அந்தச் சாவியைக் கவர்ந்தவள் அவள். ஆனால் அவளை அனுப்பிய அதிகாரிகள், மேசையைச் சுற்றி அமர்ந்து, அவளது ஒழுக்கத்தைப்பற்றி இழிவாகப் பேசுகிறார்கள்! அவள் பெற்றுத்தரும் இரகசியம் வேண்டும். அவள் மட்டும் மதிப்புக்குரியவள் அல்லள். உழைப்பைப் பெற்றுக்கொண்டு பெண்ணை இகழும் அந்த வழக்கம் அமெரிக்க அதிகாரிகளோடு நின்றதா? நம் வீட்டுத் திண்ணைகளிலே அதைக் கேட்டதில்லையா?

பெண்ணை மெத்தைக்கும் மது மேசைக்கும் அலங்காரமாக்கிய ஒற்றர் படங்களை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அவற்றைப் படைத்தோரிடம் ஒரு பெயரைச் சொல்லவேண்டும்: நூர் இனாயத் கான். திப்பு சுல்தானின் வழிவந்தவர். நாஜிப் படை பிடித்திருந்த பிரான்சுக்குள், 1943 சூனிலே, பிரிட்டன் அனுப்பிய முதல் பெண் கம்பியில்லாத் தந்தி இயக்குநர். உடனிருந்தோர் அடுத்தடுத்துச் சிறைப்பட்டனர். "திரும்பி வா" என்றது இலண்டன், மறுத்தார். கருவியைச் சுமந்துகொண்டு இடம் மாறி மாறிச் செய்தி அனுப்பினார். காட்டிக்கொடுக்கப்பட்டு, 1944 செப்டம்பரிலே தாக்காவ் முகாமிலே சுட்டுக் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 30. எந்தக் கதாசிரியன் கற்பனை இதனினும் விறுவிறுப்பானது? பெண்ணுக்குத் துணிவு தரக் கற்பனை தேவையில்லை. வரலாற்றைப் படித்தாலே போதும்.

இறுதியாக ஒன்று. ஒற்றனை ஏவுகிறவன் யார்? அவன் ஏவியதெல்லாம் நீதியா?

'கொல்ல உரிமம் பெற்றவன்' என்பது பாண்டின் பட்டம். யார் தந்த உரிமம்? மேலிடம் தந்தது. மேலிடம் சொன்னால் சரி; கேள்வி கேட்காதே! இந்தப் பாடத்தை நாம் ஆயிரமாண்டு படித்துச் சலித்தவர்கள். ஜான் லெ காரே, பிரிட்டிஷ் உளவுத்துறையிலே பணியாற்றிய எழுத்தாளர், மேலிடத்தின் உள்ளறையைத் திறந்து காட்டினார். அவரது நாவலைத் தழுவி 1965இல் மார்ட்டின் ரிட் இயக்கிய 'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்ட்' படத்திலே, ரிச்சர்ட் பர்ட்டன் ஏற்ற ஒற்றன், தீயவன் ஒருவனை அழிக்கப் போகிறோம் என்று நம்பிக் கிழக்கு ஜெர்மனிக்குள் நுழைகிறான். பின்னர்தான் தெரிகிறது: அந்தத் தீயவன் தன் மேலிடத்துக்கே வேண்டியவன், அவனைக் காப்பதற்காக நேர்மையான மற்றொருவனைப் பலியிடவே, தான் பகடைக்காயாக உருட்டப்பட்டேன் என்று. பெர்லின் மதிலின்மேல் ஏறித் தப்பும் வேளையிலே, உடன்வந்த பெண் சுடப்பட்டு விழுகிறாள். அந்தப் பக்கம் குதித்தால் உயிர். இந்தப் பக்கம் இறங்கினால் சாவு. அவன் அவளிடம் இறங்குகிறான்!

ஒரு மதில், ஒரு மனிதன், ஒரு முடிவு. ஏவியவனுக்குக் கட்டுப்பட்டே வாழ்ந்தவன், கடைசி நொடியிலே தன் மனத்துக்குக் கட்டுப்பட்டான். என்னைக் கேட்டால், ஒற்றர் படம் ஏறக்கூடிய உச்சி அந்த மதில்தான் என்பேன்.

"அதெல்லாம் உமக்கு ஐயா! நாள் முழுவதும் உழைத்து அலுத்தவன், இரண்டரை மணி நேரம் எல்லாவற்றையும் மறக்கத்தானே வருகிறான்? அவனிடம் போய் அறிவு, ஆராய்ச்சி என்கிறீரே!" என்பார் உண்டு. இரக்கம்போல் ஒலிக்கும் இந்தப் பேச்சைத்தான் நான் மிகவும் வெறுக்கிறேன்.

உழைப்பவனுக்கு மூளை வேண்டாம் என்று சொன்னது யார் பேச்சு, தோழர்களே? படிக்காதே, கேட்காதே, நம்பு. நினைப்பதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்று நூற்றாண்டு நூற்றாண்டாக நம் தாத்தனுக்கும் பாட்டிக்கும் ஓதியவர்கள் பேச்சல்லவா? கோயிலிலே சொன்னதைக் கொட்டகையிலே சொல்கிறார்கள்! தறியிலே ஒரு நூல் அறுந்தால் ஓசையிலேயே கண்டுபிடிப்பான் நெசவாளி. எஞ்சினிலே ஒரு திருகு தளர்ந்தால் கைவைத்தே சொல்லுவான் தொழிலாளி. வானத்தைப் பார்த்து மழையை அளப்பான் உழவன். காரணம், விளைவு என்ற கணக்கிலே ஊறிய அவர்களுக்கா, கழன்ற கம்பியின் பொருள் விளங்காது? வியர்வைத் துளியின் எடை, வியர்வை சிந்துகிறவனுக்கா தெரியாது? மக்கள் தாழ்ந்ததைக் கேட்கிறார்கள் என்பது, தாழ்ந்ததை விற்பவன் கட்டிய கதை. அந்த வியர்வைத் துளிக்காக மூச்சைப் பிடித்து அமர்ந்தவர்கள் பேராசிரியர்கள் மட்டுமா?

திரையை வேண்டாப் பொருளென்று நாம் ஒதுக்கியவர்கள் அல்லர். 1952இல் 'பராசக்தி' வந்தபோது, அதுவரை தேவர்கள் பேசிய திரையிலே வழக்காடும் மனிதனின் குரல் கேட்டது. 1966இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 'வல்லவன் ஒருவன்' எடுத்தது. ஜெய்சங்கர் தென்னகத்து ஜேம்ஸ் பாண்டு என்று பெயர் பெற்றார். ஒற்றர் கதை தமிழ்த் திரைக்குப் புதிதன்று; இன்னும் வரும். எழுதப்போகிறவன், இதைப் படிக்கும் உங்களிலே ஒருவனாகவும் இருக்கலாம். அவனுக்கும், அதைக் காணப்போகும் அனைவருக்கும் என் வேண்டுகோள் இதுவே.

படம் பாருங்கள், விரும்பிப் பாருங்கள், விளக்கு அணைந்ததும் முன்வரிசையிலே அமர்ந்து பாருங்கள். வெளியே வரும்போது சில கேள்விகளைக் கேளுங்கள். இவன் சாகக்கூடியவனா? இவனைக் காத்தது அறிவா, ஆண்டவனா? எதிரி செய்த குற்றத்துக்காக எதிரியா, பிறந்த குலத்துக்காக எதிரியா? பெண் அங்கே மனிதரா, மலர்ச்சாடியா? ஏவியவனைப் பார்த்து, "ஏன்?" என்று ஒருமுறையேனும் எவனாவது கேட்டானா? இவற்றுக்கு நல்ல விடை தரும் படத்தை நாலு பேரிடம் சொல்லுங்கள். தராத படத்தை, எவ்வளவு பெரிய நட்சத்திரம் நடித்ததாயினும், அவதாரக் கதை என்று அடையாளம் காட்டுங்கள்.

அடுத்த நாள் வகுப்பிலே அந்தச் சிறுவனிடம் சொன்னேன்: "உன் கேள்வி சரியானது தம்பி. சாகாதவனுக்காகப் பயப்படாதே. சாகக்கூடியவன் ஒருவன், அறிவை மட்டும் துணைக்கொண்டு இருட்டிலே நடக்கிறான் பார், அவனுக்காகப் பயப்படு. அவனோடு சேர்ந்து சிந்தி."

ஆசிரியர் அறையிலே அந்த மூத்தவர் மறுபடி கேட்டார்: "என்ன, இந்த வாரமும் படமா?"

"ஆமாம் ஐயா! மூளையையும் அழைத்துக்கொண்டு போகிறேன். அதற்கும் சேர்த்துத்தானே கட்டணம் கொடுக்கிறேன்!" என்றேன்.